கொடுங்கோலனுக்குத் தலைவணங்காத மினேர்வா மிராபல்

ஆண்டுதோறும் நவம்பர் 25ஆந் திகதி, பெண்களுக்கெதிரான வன்செயல்களை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அனுட்டிக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஐக்கிய நாடுகள் சபை 1999ஆம் ஆண்டில் அத்தினத்தைப் பிரகடனஞ் செய்தது. ஆனால் அந்தத் திகதி ஏன் தெரிவுசெய்யப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை அறிய, கரிபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசுக்கு நாம் செல்லவேண்டும்.

அந்நாட்டின் வடபகுதியில் சல்செடோ என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், 1926ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி மினேர்வா பிறந்தார். தந்தையார் என்றிக்கே மிராபல் கமமும் கடையும் வைத்து வசதியாக வாழ்ந்தவர். பாத்திரியா, தெதே ஆகிய இருவரும் மினேர்வாவின் அக்காமார். கடைக்குட்டி மரிய தெரேசா, அவரிலும் ஒன்பது வயது இளையவர். நல்ல கத்தோலிக்க குடும்பம். பிள்ளைகளை லா வேகா நகரில் பிரான்சிஸ்கன் கன்னியர் நடத்திய அமலோற்பவ மாதா கல்லூரி விடுதியிற் சேர்த்துப் படிப்பித்தார்கள்.

அப்பொழுது நாட்டை ஆண்டவன் றபாயேல் துருஹியோ. இராணுவத் தளபதியாக இருந்து 1930இல் ஆட்சியைக் கைப்பற்றிய அவன், முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நாட்டைத் தன் சொந்தக் கமம் போல ஆண்டான். நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை வாய்ந்த சாந்தோ டொமிங்கோ தலைநகருக்கு 1936இல் தன் பெயரையே சூட்டினான். மறு ஆண்டில் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெயிட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் அவனது படையினராற் கொல்லப்பட்டனர். வீடுகளில் அவனது படம் தொங்கவேண்டும். கடவுளின் பெயரோடு அவனது பெயரையும் சேர்த்து எழுதிய விளம்பரங்கள் எங்கும் காணப்பட்டன. இரகசியப் பொலிசாரின் காது எந்த வீட்டிலும் இருக்கலாம் என்ற அச்சத்தினால், பெற்றோர் பிள்ளைகளுக்கு முன்பாகவும் வாய்திறக்கத் தயங்கினர்.

1949 ஒக்டோபரில் துருஹியோ தனது சொந்த ஊரான சன் கிறிஸ்தோபலில் ஒரு விருந்து வைத்தான். மிராபல் குடும்பத்துக்கும் அழைப்பு வந்தது. அழைப்பு என்றால் கட்டளை என்று பொருள். அழகிய பெண்களைத் தேடிப் பிடிப்பது அவனது வழக்கம் என்பது நாடறிந்த விடயம். அவனது நோக்கத்துக்கு மினேர்வா இணங்கவில்லை. விருந்து முடியுமுன்னரே, அவன் எழுந்து செல்வதற்கு முன்பாக, மிராபல் குடும்பத்தினர் வெளியேறிவிட்டனர். இது பெருங் குற்றம்! தந்தையார் மறியலில் வைக்கப்பட்டார். மினேர்வா விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதுமாறு வற்புறுத்தப்பட்டும் அவர் எழுத மறுத்தார். நலிந்துபோன தந்தையார் 1953இல் காலமானார்.

சட்டம் படிக்கவேண்டும் என்பது மினேர்வாவின் நெடுநாள் ஆசை. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று முதலில் வீட்டாரே தடுத்தார்கள். பின்பு அரசாங்கம் தடுத்தது. எப்படியோ பல்கலைக்கழகம் புகுந்து 1957இல் பட்டமும் பெற்றார். ஆனால் வழக்காட அனுமதிப்பத்திரம் வழங்கப்படவில்லை. அந்த விருந்தில் ஏற்பட்ட அவமானத்தை எட்டு ஆண்டுகளாகியும் கொடுங்கோலன் மறக்கவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். இதற்கிடையில், 1955இல், சக மாணவரான மனோலோ தவாரெசை அவர் மணந்தார். இரு பிள்ளைகள் பிறந்தனர்.

1959 யூன் 14இல், நாடுகடந்து வாழ்ந்த டொமினிக்கர் சிலர் கியூபாவிலிருந்து வந்து இறங்கி ஆட்சியைக் கவிழ்க்க முயன்றனர். ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டனர். அந்தத் திகதியையே பெயராகக் கொண்டு 1960 சனவரியில் ஓர் இரகசிய இயக்கம் தோன்றியது. மனோலோ அதன் தலைவர். மினேர்வா அதன் உயிர்நாடி. மரிய தெரேசாவும் அவரது கணவரும், பாத்திரியாவும் அவரது கணவரும் சேர்ந்துகொண்டனர். சகோதரிகளுக்கு வண்ணத்துப்பூச்சிகள் என்பது இரகசியப் பெயர். தெதே மாத்திரம் கணவரின் விருப்பத்துக்கு இணங்க ஒதுங்கி நின்றார். சில வாரங்களுக்குள் இயக்கம் காட்டிக்கொடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் கைதாகினர். நாற்பது என்று அழைக்கப்பட்ட சித்திரவதைக் கூடத்தில் மின்சார நாற்காலி வைத்து வதைத்தார்கள்.

இவ்விடத்தில் திருச்சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நீண்டகாலமாக அந்நாட்டுத் திருச்சபை துருஹியோவுடன் ஒத்துப்போய்த்தான் இருந்தது. 1954இல் வத்திக்கானுடன் ஒப்பந்தமும் செய்துகொண்டான். கோவில்கள் கட்டிக் கொடுத்தான். அந்த மௌனத்தை மூடிமறைப்பதில் பயனில்லை. ஆனால் 1960 சனவரி 31 ஞாயிறன்று, ஆயர்கள் எல்லோரும் ஒப்பமிட்ட சுற்றுமடல் திருப்பலியின்போது கோவில்களில் வாசிக்கப்பட்டது. உயிர்வாழும் உரிமை, குடும்ப உரிமை, மனச்சாட்சியின் சுதந்திரம் ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. கைதிகளின் குடும்பங்களின் துயரத்தில் பங்குகொண்டது. பயந்து நடுங்கிய ஒரு நாட்டில் அந்த வாசிப்பு எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். திருச்சபையின் உபகாரி என்ற பட்டத்தைத் தனக்குத் தரும்படி துருஹியோ பின்னர் கேட்டபோது ஆயர்கள் இணங்கவில்லை. லா வேகா ஆயர் பனால் ஆண்டகையும், சன் ஹூவான் ஆயர் றைலி ஆண்டகையும் இதனாற் பட்ட துன்பங்கள் பல.

மினேர்வாவும் மரிய தெரேசாவும் சனவரியிற் கைதாகி, பெப்ரவரியில் விடுவிக்கப்பட்டு, மே மாதத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டனர். மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் வெனிசுவேலா சனாதிபதியைக் கொல்ல ஆளனுப்பியதால் அமெரிக்க நாடுகளின் கண்டனத்துக்கு ஆளாகியிருந்த துருஹியோ, ஆகஸ்டில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினான். கணவன்மார் மறியலிலேயே இருந்தனர்.

நவம்பரில் மனோலோவும் மரிய தெரேசாவின் கணவரும் வடகரையிலுள்ள புவேர்த்தோ பிளாத்தா மறியற்சாலைக்கு மாற்றப்பட்டனர். ஏன் இந்த மாற்றம்? அங்கு செல்லும் பாதை ஆளரவமற்ற மலைப்பாதை. போகவேண்டாம் என்று வேண்டியவர்கள் பலர். 25ஆந் திகதி வெள்ளிக்கிழமை, இருவரும் கணவன்மாரைப் பார்க்கப் புறப்பட்டனர். பாத்திரியாவின் கணவர் அங்கு இல்லை, தலைநகரில் இருந்தார். ஆயினும் தங்கைமாரைத் தனியே விட மனமின்றி அவரும் ஏறிக்கொண்டார். சாரதி றூபினோ டி லா குறூஸ், ஆபத்தை அறிந்தும் ஜீப் வண்டியைச் செலுத்த முன்வந்தவர். திரும்பும் வழியில் இரகசியப் பொலிசார் மறித்தனர். நால்வரையும் அடித்தும் கழுத்தை நெரித்தும் கொன்றனர். உடல்களை ஜீப்பினுள் வைத்துப் பள்ளத்தில் தள்ளி, விபத்து என்று அறிவித்தார்கள். பாத்திரியாவுக்கு 36 வயது, மினேர்வாவுக்கு 34, மரிய தெரேசாவுக்கு 25.

விபத்து என்பதை ஒருவரும் நம்பவில்லை. ஆறு மாதங்களில், 1961 மே 30இல், துருஹியோ தலைநகருக்கு வெளியே வீதியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். கொலைகாரருக்கு 1962இல் நீண்டகாலச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1965 உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் தப்பிவிட்டார்கள். மனோலோ 1963 டிசெம்பரில் மலையில் படையினராற் கொல்லப்பட்டார்.

தாயை இழந்த பிள்ளைகள் ஆறு பேர். அவர்களைத் தம் பிள்ளைகள் மூவரோடும் சேர்த்துத் தெதேயும் அவரது தாயாரும் வளர்த்தெடுத்தனர். தங்கை மரிய தெரேசாவின் நீண்ட பின்னலை அறுத்தெடுத்துப் பத்திரப்படுத்தியவரும் தெதேதான். சகோதரிகள் இறுதியாக வாழ்ந்த வீட்டை அரும்பொருளகமாக்கி, வருவோருக்குக் கதையைச் சொல்லிவந்த அவர் 2014இல் காலமானார். மினேர்வாவின் மகள் மினூ பாராளுமன்ற உறுப்பினரானார். தலைநகருக்குத் தன் பெயரைச் சூட்டியதன் நினைவாக 1937இல் துருஹியோ கடற்கரை வீதியில் ஓர் உயர்ந்த தூணை எழுப்பியிருந்தான். 1997இல் அந்தத் தூணிலே மிராபல் சகோதரிகளின் உருவங்களை வரைந்தார்கள்.