கைதியாக வந்து கப்பித்தான் ஆனவர்

நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு பஸ்ஸில் போகும்போது புலியூர்க்குறிச்சியில் ரோட்டோரமா ஒரு பழைய கோட்டை இருக்கிறதே, கவனிச்சிருக்கீங்களா? அதுதான் உதயகிரிக் கோட்டை. ஆனால் எங்க ஆச்சி அதை திலனாய் கோட்டை என்றுதான் சொல்லுவாவ. திலனாய் என்பது ஊர்ப் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. டி லனாய் என்ற வெள்ளைக்காரரின் பெயர் நம்ம ஊர் வாயில் விழுந்து இப்படி ஆகிவிட்டது. நம்ம நாட்டைப் பிடிக்க வந்த எதிரியின் பெயரை நம்ம கோட்டைக்கே வைத்திருக்கிறோம். எப்படி வந்தது தெரியுமா?

அவருடைய முழுப்பெயர் யுஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய். (இதை மனப்பாடம் பண்ண எனக்கு மூன்று நாள் ஆச்சு!) 1715-ல் அர்ராஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போ பிரான்சு நாட்டில் இருக்கிறது. வாலிப வயசில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கப்பல் ஏறினார்.

டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? எல்லாம் நல்லமிளகுக்காகத்தான். சளி பிடிச்சா அம்மா கசாயத்தில் தட்டிப் போடுவாங்களே, அதேதான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளை எல்லாம் பிடித்து, நல்லமிளகு வியாபாரத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். டச்சுக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 1741-ல் குளச்சலில் வந்து இறங்கினார்கள். கோட்டார் வரைக்கும் ஊர்களைக் கொள்ளை அடித்தார்கள். அப்போது பத்மநாபபுரம்தான் தலைநகரம். அதைப் பிடிப்பதுதான் அவர்கள் திட்டம்.

மன்னர் வடக்கே இருந்து படையோடு ஓடி வந்தார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் முன்னால் வாளை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போருக்குப் போனார் என்று சொல்லுவாவ. குளச்சல் பக்கம் இன்னொரு கதையும் உண்டு. மன்னரிடம் பீரங்கி போதாததால் பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றி வைத்தார்களாம். மீன்பிடிக்கிறவங்க கடற்கரையில் வரிசையா நின்று துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார்களாம். தூரத்தில் இருந்து பார்த்த டச்சுக்காரர்கள் பெரிய படை நிற்கிறது என்று பயந்து போனார்களாம். இது நடந்த சம்பவமோ, ஊர் சொல்லும் கதையோ, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். போர்க் கதைகளில் ராஜா பெயர் மட்டும்தானே வரும், இதில் துடுப்பு பிடிச்சவங்களும் வாறாங்க.

டச்சுக்காரர்களின் வெடிமருந்தில் தீப்பிடித்தது. சாப்பிட வைத்திருந்த அரிசியும் எரிந்து போனது. வேறு வழி இல்லாமல் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். அப்போ அவர் இளைஞர்தான்.

வேறு ராஜாவாக இருந்தால் தலையை எடுத்திருப்பார், இல்லாவிட்டால் பணம் வாங்கிக்கொண்டு விட்டிருப்பார். மார்த்தாண்ட வர்மா இந்தக் கைதியிடம் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அவரும் சம்மதித்தார். வாளும் வேலும் வைத்துச் சண்டை போட்டவர்களுக்கு வரிசையாக நிற்கவும், துப்பாக்கி சுடவும், பீரங்கி இயக்கவும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் படை வடக்கே கொச்சி எல்லை வரை வென்றது. 1753-ல் மாவேலிக்கரையில் ஒப்பந்தம் போட்டு டச்சுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். டி லனாய் படிப்படியா உயர்ந்து வலிய கப்பித்தான் ஆனார், அதாவது பெரிய கேப்டன். தன் பழைய கம்பெனிக்கு எதிராகவே படையைத் தயார் பண்ணியவரை டச்சுக்காரர்கள் துரோகி என்றுதான் சொல்லியிருப்பார்கள். நமக்கு அவர் விசுவாசி. ஒரே ஆள்தான்!

உதயகிரிக் கோட்டை அவருக்கு முன்பே இருந்தது. அதை 1741 முதல் 1744 வரை கருங்கல்லால் பலமாகக் கட்டியது அவர்தான். சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடமும் உண்டு. அங்கே வார்த்த ஒரு பீரங்கியை எத்தனையோ யானைகளைக் கட்டி இழுத்தும் நகர்த்த முடியவில்லை என்று ஒரு கதை இருக்கிறது. கோட்டையில் இருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை உண்டு என்றும் சொல்லுவாவ. நம்ம மாவட்டத்தில் எந்தப் பழைய கட்டடத்தைக் கேட்டாலும் சுரங்கப்பாதை உண்டு என்பாங்க, அதனால் இதை நான் நம்பவில்லை.

அந்தக் கோட்டை வேலையைக் கவனித்த அரண்மனை அதிகாரிகளில் ஒருவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. மாடுகள் சாவதும் சொத்து போவதுமாக அவர் மனசு ஒடிந்திருந்த நேரம், டி லனாய் அவருக்கு பைபிளில் உள்ள யோபு கதையைச் சொன்னாராம். பிறகு கடிதம் கொடுத்து வடக்கன்குளம் பாதிரியாரிடம் அனுப்பினார். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் பிள்ளை ஆனார். அதோடு கஷ்டமும் ஆரம்பித்தது. 1749-ல் பிடித்தார்கள். ஊர் ஊராக எருமை மேல் ஏற்றிக் கொண்டுபோய் அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது மேலிருந்து விழுந்த பாறையைத் தட்டினால் மணி மாதிரி சத்தம் கேட்கும் என்று இன்றைக்கும் ஆட்கள் போய்த் தட்டிப் பார்க்கிறார்கள். உடல் கோட்டார் சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2022-ல் வத்திக்கானில் அவரைப் புனிதர் ஆக்கினார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் டி லனாயை நினைத்துப் பாவமா இருக்கும். ஒரு தேசத்துப் படையையே பழக்கியவர், ஒரு நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை. நண்பரைக் கொல்ல உத்தரவிட்டதும் அவருடைய அதே மன்னரின் அரசுதான். மறுநாளும் அவர் அதே கோட்டையில் எழுந்து அதே மன்னரின் படைக்குத்தான் பயிற்சி கொடுத்திருப்பார். பெரிய கப்பித்தான் ஆனாலும் கைதி கைதிதானோ என்று தோணும்.

1758-ல் மார்த்தாண்ட வர்மா இறந்தார். அடுத்த மன்னர் தர்மராஜா காலத்திலும் இவர் வேலை நிற்கவில்லை. வட எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட மதிலைக் கட்டினார். 1789-ல் திப்பு சுல்தானின் படை வந்தபோது முதலில் தடுத்து நிறுத்தியது அந்த மதில்தான். ஆனால் அதைப் பார்க்க இவர் உயிரோடு இல்லை.

1765-ல் களக்காட்டுப் போரில் இவருடைய மகன் ஜான் இறந்துபோனான். வயசு 19. நம்ம பிளஸ் டூ அண்ணன்மாரை விட இரண்டு வயசுதான் கூட. அதன் பிறகும் அப்பா பன்னிரண்டு வருசம் வேலை பார்த்தார். 1777 ஜூன் 1 அன்று உதயகிரியிலேயே இறந்தார். கப்பலில் வந்தவர் திரும்பக் கப்பல் ஏறவே இல்லை.

கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா இருக்கிறது. போகிறவங்க மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிடாதீங்க. உள்ளே கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிற பழைய சர்ச் ஒன்று உண்டு. தரையில் அவர் கல்லறை. பக்கத்தில் மனைவி மார்கரெட்டும் மகனும். அவர் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். லத்தீன் வாசிக்க பாதிரியார் யாராவது கூட வரணும். தமிழை நாமே எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம்.