கணினிக்குத் தேர்வு வைத்தவர்!

குட்டீஸ், இணையத்தில் சில பக்கங்களைத் திறக்கும்போது, நீங்கள் மனிதர்தானா என்று ஒரு சின்னப் பரீட்சை வருமே, பார்த்திருக்கிறீர்களா? கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் அல்லது கட்டம் கட்டமான படங்களில் பஸ் எங்கே, சிக்னல் எங்கே என்று தொட்டுக்காட்டச் சொல்லும். அதற்கு, 'கேப்ட்சா' என்று பெயர். அந்தப் பெயரில் வரும், 'டி' என்ற ஆங்கில எழுத்து, ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவர்தான், ஆலன் டூரிங்!

அவருக்கும், நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. அவரது அம்மா சாரா பிறந்தது, கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில். தாத்தா, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா, சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரி. ஆனால், ஆலன் பிறந்தது லண்டனில். நாள், 1912 ஜூன் 23. பெற்றோருக்கு இந்தியாவில் வேலை இருந்ததால், ஆலனும், அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தனர்.

ஆலன், எடுத்த காரியத்தை விடமாட்டான். 1926ல், ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளியில் சேரக் கிளம்பினான். சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினால், நாடு முழுக்க வேலைநிறுத்தம்! ரயில் ஓடவில்லை. வேறு பையனாக இருந்தால், வீட்டுக்குத் திரும்பியிருப்பான். 13 வயது ஆலன் என்ன செய்தான் தெரியுமா? சைக்கிளில் ஏறி மிதித்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஏறக்குறைய 97 கி.மீ., கடந்து பள்ளிக்குப் போய்விட்டான்!

அந்தப் பள்ளியில், கிறிஸ்டோபர் என்ற உயிர் நண்பன் கிடைத்தான். இருவருக்கும் கணக்கும், வானியலும் என்றால் உயிர். ஆனால், 1930ல், காசநோய் கிறிஸ்டோபரைக் கொண்டு போய்விட்டது. ஆலன் துடித்துப் போனான். மனம் என்பது என்ன, அது உடம்பில் எப்படிக் குடியிருக்கிறது என்ற கேள்வி அவனைப் பிடித்துக் கொண்டது. நண்பனின் தாய்க்கு எழுதிய கடிதங்களிலும் இதைப் பற்றி எழுதினான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த டூரிங், 1936ல் ஒரு கட்டுரை எழுதினார். தகுந்த கட்டளைகளைக் கொடுத்தால், எல்லா வகைக் கணக்கீட்டையும் செய்யக்கூடிய ஒரே இயந்திரத்தைக் கற்பனையில் படைத்துக் காட்டினார். இன்று, ஒரே போனில் பாட்டு கேட்கிறோம், கணக்குப் போடுகிறோம், விளையாடுகிறோம் அல்லவா? அதற்கெல்லாம் விதை, அந்தக் கற்பனைதான்.

1939ல், இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மனி ராணுவம், 'எனிக்மா' என்ற கருவியால், செய்திகளைப் புரியாத எழுத்துகளாக மாற்றி அனுப்பியது. அதன் அமைப்பை தினமும் மாற்றுவர். அதை உடைக்க, பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஒரு ரகசியக் கூட்டம் உழைத்தது. போலந்து நாட்டு கணித மேதைகள் முன்பே கண்டுபிடித்துத் தந்த வழியில் இருந்து துவங்கி, டூரிங்கும், நண்பர்களும் புதிய இயந்திரத்தை உருவாக்கினர். ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல்களின் ரகசியம் வெளிப்பட்டது. உணவு ஏற்றி வந்த கப்பல்கள் பல தப்பின.

அங்கே டூரிங்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். பூக்களின் மகரந்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால், விஷவாயு முகமூடி போட்டபடி சைக்கிளில் வேலைக்குப் போவார்!

போர் முடிந்தபின், 1950ல், மீண்டும் பழைய கேள்விக்கு வந்தார். இயந்திரம் சிந்திக்குமா? அதைக் கண்டுபிடிக்க, ஒரு விளையாட்டைச் சொன்னார். ஓர் அறையில் நடுவர். வேறு அறைகளில் ஒரு மனிதர், ஓர் இயந்திரம். கேள்வியும், பதிலும் தட்டச்சில் மட்டும். முகமும் தெரியாது, குரலும் கேட்காது. எது மனிதர் என்று நடுவரால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், இயந்திரம் ஜெயித்தது!

மாதிரிக்கு ஒரு கேள்வியும் கொடுத்திருந்தார். 34957ஐயும், 70764ஐயும் கூட்ட வேண்டும். 30 விநாடி கழித்து வரும் பதில், 105621. ஒரு தாளை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். என்ன வருகிறது? 105721! பதில் தப்பு. அது தப்பு என்று கட்டுரையில் எங்குமே அவர் சொல்லவில்லை. மனிதர் போல நடிக்கும் இயந்திரம், மெதுவாகவும், தப்பாகவும் கூடப் பதில் சொல்லலாம் அல்லவா!

இன்னொன்றும் சொன்னார். பெரியவர் அறிவை அப்படியே இயந்திரத்தில் புகுத்துவதைவிட, குழந்தை போன்ற இயந்திரத்தைச் செய்து, பாடம் சொல்லிக் கொடுப்பது மேல் என்றார். இன்றைய செயற்கை நுண்ணறிவு, மனிதர்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் கற்கிறது. நல்லதை எழுதினால் நல்லதையும், பொய்யை எழுதினால் பொய்யையும் கற்கும்.

முகத்தைப் பார்க்காமல், பதிலை மட்டும் பார்த்து மதிப்பிடச் சொன்னவர் டூரிங். ஆனால், அவரை உலகம் அப்படி மதிப்பிடவில்லை. ஓர் ஆண், இன்னோர் ஆணை நேசிப்பது, அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். டூரிங் அப்படி நேசித்தவர். 1952ல், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்குப் பதிலாக, உடலைக் கெடுக்கும் மருந்தை ஏற்க வேண்டி வந்தது. போரில் அவர் செய்த உதவியோ, அரசு ரகசியம். அது ஊராருக்குத் தெரியாது. அவரும் வெளியே சொல்லவில்லை. 1954 ஜூன் 7ல், 41 வயதில் இறந்து போனார்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் நாடு விழித்தது. 2009ல், பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன், அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013ல், அரசி எலிசபெத் மன்னிப்பு வழங்கினார். 2021ல், டூரிங் பிறந்த நாளான ஜூன் 23ல், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. ஆனால், அவற்றைப் பார்க்க அவர் இல்லை.

என்ன குட்டீஸ்... திரையின் மறுபக்கம் பேசுவது மனிதரா, இயந்திரமா என்று நமக்குத் தெரியாமல் போகலாம். அழகாக வந்த பதில் எல்லாம் சரியாக இருக்காது; அந்தக் கூட்டல் கணக்கைப் போல சரிபார்த்துக் கொள்ளுங்கள். முகம் தெரியாதவரிடம் வீட்டு விவரங்களைச் சொல்லாதீர்கள். அதே சமயம், மறுபக்கம் இருப்பது மனம் நோகக்கூடிய ஒரு மனிதராகவும் இருக்கலாம். யாரையும் எடுத்தெறிந்து எழுதும் முன், டூரிங்கைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்!