செவித்திறன் குறைந்தவர் தந்த பேசும் கருவி

பழைய வீட்டுப் பரண்களில் தூசி படிந்து கிடக்கும் கிராமபோன் பெட்டியை நம்மில் சிலர் பார்த்திருப்போம். சாவி கொடுத்தால் தட்டு சுழலும். பாட்டு மட்டும் கரகரவென்று வரும். ஊசியைத் தாங்கி நிற்கும் ‘சவுண்டு பாக்ஸ்’ என்னும் சிறு வட்டப் பகுதியைத்தான் அப்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதனுள் மெல்லிய மைக்காத் தகடு ஒன்றும், அதன் விளிம்பை இருபுறமும் பற்றி நிற்கும் ரப்பர் வளையங்களும் உண்டு. நாளடைவில் ரப்பர் இறுகிவிட்டால் தகடு தாராளமாக அதிராது. வளையங்களை மாற்றி, தகட்டை அழுத்தமின்றிப் பொருத்தினால் பாட்டு மீண்டும் உயிர் பெறும்.

தட்டில் பாடும் கிராமபோனை அமைத்தவர் எமில் பெர்லினர். ஆனால் ஒலியைப் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை முதன்முதலில் உலகுக்குத் தந்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். அதிரும் அந்தச் சிறு தகட்டோடு அவர் நடத்திய போராட்டமே அவர் வாழ்வின் சுவையான பகுதி.

எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மிலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் அவர் பயின்றது சில மாதங்களே. தாய் நான்சியே அவருக்கு ஆசானானார். பன்னிரண்டாம் வயதில் இரயிலில் செய்தித்தாள் விற்றார். பின்னர் தந்தி அடிக்கும் பணியில் சேர்ந்தார். இளமையிலேயே அவருடைய செவித்திறன் பெரிதும் குறைந்துவிட்டது.

அத்தகையவர்தான் 1877இல் போனோகிராப் கருவியைக் கண்டார். அவர் தந்த வரைபடத்தைக் கொண்டு அதைச் செய்து முடித்தவர் ஜான் குரூசி என்னும் பட்டறைத் தொழிலாளர். பித்தளை உருளையின் மேல் வெள்ளீயத் தாள் சுற்றப்பட்டிருந்தது. பேசும்போது தகடு அதிர, அதனோடு இணைந்த ஊசி தாளில் பள்ளங்களைப் பதித்தது. மற்றோர் ஊசி அப்பள்ளங்களில் ஓடியபோது, அதன் தகடு அதிர்ந்து அதே குரலைத் திருப்பித் தந்தது. எடிசன் சொல்லிய குழந்தைப் பாட்டைக் கருவி திரும்பச் சொன்னதும் உடனிருந்தோர் திகைத்தனர். 1878 பிப்ரவரி 19 அன்று காப்புரிமை கிடைத்தது. நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

புகழ் வந்தது, பயன் வரவில்லை. சில முறை ஓட்டியதுமே தாள் தேய்ந்து கிழிந்தது. எடிசன் மின்விளக்கின் பக்கம் திரும்பினார். இதற்கிடையில் பிறர் மெழுகில் ஒலியைப் பதித்துக் காட்டவே, அவர் விழித்துக்கொண்டார். 1888 ஜூனில் இரவு பகலாக உழைத்துத் திருத்திய கருவியை வெளியிட்டார். 1890இல் விற்பனைக்கு வந்த பேசும் பொம்மையோ படுதோல்வி. அதன் வயிற்றுக்குள் இருந்த சிறு கருவி எளிதில் பழுதாயிற்று. குரலும் தெளிவாக இல்லை. சில வாரங்களில் விற்பனை நின்றது.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஊசிக்கு வைரமுனை வைத்து 1912இல் புதிய இசைத்தட்டுக் கருவியைக் கொணர்ந்தார். காது கேளாத குறையை ஈடுசெய்யக் கருவியின் மரப்பகுதியைப் பற்களால் கடித்து, எலும்பின் வழியே அதிர்வை உணர்ந்தார். ஆனால் பாடகரையும் பாட்டையும் தாமே தேர்ந்தெடுப்பதில் பிடிவாதம் காட்டினார். மக்களின் சுவை வேறு வழியில் சென்றது. 1929இல் இசைத்தட்டுத் தயாரிப்பை அவர் நிறுவனம் கைவிட்டது. 1931 அக்டோபர் 18 அன்று எடிசன் மறைந்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற காப்புரிமைகள் 1,093.

கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு நம்மில் பலர் நாளை வேலைக்குச் செல்லக்கூடும். கண்டுபிடித்தவரை உலகம் போற்றுகிறது. பழுது பார்ப்பவரை மறந்துவிடுகிறது. எடிசனோ தம் கருவியைத் தாமே மீண்டும் மீண்டும் பழுது பார்த்தவர். நண்பர்களே, ஒரு கருவி நின்றுபோனால் அதைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு ரப்பர் வளையம்தான் குறையாக இருக்கும்.