பீடத்திலிருந்து நோயாளியின் பாய்க்கு: புனித யோசேப் வாஸ் அடிகளார்



ஜூபிலி விழா நன்றி கூறும் விழா. ஆண்டவர் நம் பங்கிற்குச் செய்த நன்மைகளை எண்ணி மகிழும் இவ்வேளையில், ஒரு கேள்வியையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிறுதோறும் திருப்பலி காண்கிறோம், நற்கருணை உட்கொள்கிறோம். கோவில் வாசலைத் தாண்டிய பின் அந்த வழிபாடு நம்மோடு எவ்வளவு தூரம் நடந்து வருகிறது? இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக அளித்தவர் புனித யோசேப் வாஸ் அடிகளார். இவர் நம் நாட்டில் பிறந்தவர். தமிழ் கற்றுத் தமிழரிடையே உழைத்தவர். ஆகவே அவருடைய வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவா நாட்டின் பெனாலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். கொங்கணி அவரது தாய்மொழி. பக்தியுள்ள, மதிப்பு மிக்க குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே, தம்மை மரியன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதி வைத்தார். அடிமை என்ற சொல்லை அவர் வெறும் பக்திச் சொல்லாக எழுதவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை மிகவும் பரிதாபமானது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதும் கொடிய தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. பெரியவர்கள் வீட்டுக்குள் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தார்கள்.

இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தைத் தைத்தது. கோவாவில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. உள்நாட்டுக் குருக்கள் சேர்ந்து வாழும் ஒரு சபையையும் 1685இல் உருவாக்கியிருந்தார். அங்கேயே இருந்திருந்தால் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1686இல் புறப்பட்டு, தூத்துக்குடி வழியாக 1687இல் இலங்கையை அடைந்தார். குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாள் கோலத்தில் வெறுங்காலோடு போனார். யோவான் என்னும் ஊழியர் உடன் சென்றார்.

யாழ்ப்பாணம் சேர்ந்தவுடன் கடும் சீதபேதி அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்து எழுந்ததும், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மலர்கிறவர் யார் என்று பார்த்து, கத்தோலிக்கரை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு சில்லாலை என்னும் ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது. இரவில் பூசை, விடியும் முன் வேறிடம் என்று நாட்கள் கழிந்தன. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், வழிபாட்டிற்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் சிறைப்பட்டனர். ஒரு பூசை காண்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பின்னர் அவர் கண்டி அரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்திற்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். போர்த்துக்கீசிய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அங்கே சும்மா இருந்தாரா? சிங்களம் கற்றார், காவல் தளர்ந்ததும் ஒரு சிறு குடிசைக் கோவிலை அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். மழையின்றி நாடு வாடிய 1696இல், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் வேண்டியபடி பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், மழை பொழிந்தது என்றும் அவர் வரலாறு கூறுகிறது. புத்த சமயத்தவரான அம்மன்னர் அது முதல் அவருக்கு ஆதரவாக நின்றார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1687 முதல் 1696 வரை அத்தீவு முழுவதிலும் அவர் ஒருவரே கத்தோலிக்க குரு. எத்தனையோ பேருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர், தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க ஒரு குரு இல்லாமல் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமக்குக் கிடைக்காமற்போவதை ஏற்றுக்கொண்டார். தன்னலமின்மை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டோ?

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் வசதியுள்ளவர்களும் தலைநகரை விட்டு நீங்கினர். நோயுற்றவர்களைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டோரத்தில் கிடத்திவிட்டுப் போனார்கள். தடுப்பூசியோ மருந்தோ இல்லாத காலம். ஓடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடிகளாரும், அண்மையில் வந்து சேர்ந்திருந்த அவருடைய சகோதரி மகன் யோசேப் கர்வாலியோ அடிகளாரும் ஓடவில்லை. காலியான வீடுகளை நோயாளர் இல்லங்களாக்கினர். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டனர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைப் புதைத்தனர். இவர் கிறிஸ்தவரா, புத்த சமயத்தவரா என்று பார்க்கவில்லை. காலையில் பீடத்தில் ஆண்டவரின் திருவுடலை ஏந்திய கைகளே பகலெல்லாம் அம்மைப் புண்ணைக் கழுவின. அவருக்கு இவை இரண்டு வேலைகளல்ல, ஒரே வழிபாடு. ஏறத்தாழ ஓராண்டு இப்படி உழைத்தார். இதைக் கண்ட மன்னர் அவருக்கு நாடெங்கும் போதிக்கும் உரிமை அளித்தார்.

பெருமை அவரைத் தேடி வந்தபோதும் விலகியே நின்றார். அவரை ஆயராக்க விரும்பியபோது பணிவோடு மறுத்துவிட்டார். 1705இல் வந்த கொன்சால்வெஸ் அடிகளாரிடம் நூல் எழுதும் பணியை ஒப்படைத்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் எழுதிய நூல்கள் திருச்சபைக்குப் பெருஞ்செல்வமாயின. கோவாவிற்கு ஒருமுறைகூடத் திரும்பாமல், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வயது 59. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று அடையாளமின்றிப் போயிற்று. ஆனால் அவர் ஒருவராய்த் தேடிச் சேர்த்த சபை நிலைத்தது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதர் பட்டமும் அளித்தனர்.

பங்கு மக்களே, நாம் கண்டிக்குப் போக வேண்டியதில்லை. கூலியாள் வேடம் பூணவும் வேண்டியதில்லை. மலையூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டிச் சுமந்து இறக்குவது என்றால் என்ன என்று நம் சித்தேரி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோள் மாற்ற ஓர் ஆள் முன்வரும்போது அங்கே வழிபாடு தொடர்கிறது. குழாயடியில் கைக்குழந்தைக்காரிக்கு முதலில் குடத்தை வைக்க விடும்போது தொடர்கிறது. அரூர் பேருந்தில் முதியவருக்கு எழுந்து இடம் கொடுக்கும்போது தொடர்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததை உண்ணும் தாயை, ஒரு நாளாவது முதலில் உட்கார வைக்கும்போதும் தொடர்கிறது.

இன்னும் ஒன்றை வெளிப்படையாகவே சொல்வோம். விழாக்காலங்களில்தான் நம்மிடையே மனத்தாங்கல் வருகிறது. முன்வரிசையில் யார் அமர்வது, கல்லில் யார் பெயர் பொறிப்பது, மலரில் யார் படம் முதலில் வருவது என்று பேச்சு எழுகிறது. கல்லறையின் அடையாளம்கூட இல்லாத ஒரு புனிதர் இதற்கு என்ன பதில் சொல்வார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். இந்த ஜூபிலியில் பேச்சு முறிந்த இரு வீடுகள் மீண்டும் பேசிக்கொண்டால், அது புதிய கோபுரத்தைவிட உயரமாக நிற்கும்.

இரவில் ஒளிந்து, சிறைக்கு அஞ்சாது பூசை கண்ட அந்த யாழ்ப்பாணத்து மக்களை நினைத்துக்கொண்டு, நமக்கு எளிதாகக் கிடைக்கும் திருப்பலியை ஆவலோடு காண்போம். பூசை முடிந்ததும், நம்மைவிடத் தேவையில் இருப்பவர் வீட்டு வாசலுக்கு முதலில் செல்வோம். சனவரி 16ஆம் நாள் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் திருநாள். அந்நாளில் நம் பங்கிலுள்ள நோயாளிகள் ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் சென்று கண்டு வருவது என்று இம்மலரின் வாயிலாகத் தீர்மானிப்போமாக. அதற்கான வரத்தை அப்புனிதரின் மன்றாட்டினால் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.