வைத்தியர் சாமுவேல் கிரீன்

நோயாளர் இருக்குமிடத்திற்கு வைத்தியர் செல்வதும், சென்றவர் அங்கே நிலைத்து வாழ்வதும் எக்காலத்தும் அரியனவாகவே இருந்து வருகின்றன. பட்டணங்களில் வைத்தியசாலைகள் பல விளங்க, சேய்மைக்கண் உள்ள சிற்றூர்கள் பல ஒரு வைத்தியரும் இன்றி வாடுதல் நாம் அறிந்ததே. இக்குறையை நீக்குதற்கு, ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையின் வடகோடியாகிய யாழ்ப்பாணத்தில் ஒரு வழி கண்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் அவர்கள். அவர் கண்ட வழி நம் தாய்மொழியாகிய தமிழைப் பற்றியதாதலின், தமிழ் மாணவராகிய நாம் அவரை அறிந்திருத்தல் கடப்பாடாம். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கிரீன் அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் பிறந்தார். அவர் தமையனார் ஆண்ட்ரூ கிரீன் என்பார் நியூயார்க் மாநகரின் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவர். அந்நகரில் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்கா அமைந்ததில் அவர்க்குப் பெரும் பங்கு உண்டு. இத்தகைய குடும்பத்தில் தோன்றி, நியூயார்க்கிலேயே வைத்தியங் கற்று, 1845-இல் பட்டமும் பெற்ற இளைஞர்க்கு, அந்நகரில் பொருளும் புகழும் ஈட்டுதல் அரிதன்று. அவரோ அவற்றை விழையாது, அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பெற்றுக் கடல் கடந்து, 1847-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், யாழ்ப்பாணம் வந்தடைந்தார்.

அவர்க்கு முன்னரே, 1820 முதற்கொண்டு, டாக்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி செய்து, பின்னர் 1836-இல் சென்னைக்குச் சென்றிருந்தார். அவர் பேர்த்தியாரே பிற்காலத்தில் வேலூரில் பெரிய வைத்தியசாலையையும் கல்லூரியையும் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் என்பதை நம் நாட்டார் நன்கறிவர். கிரீன் முதலில் வட்டுக்கோட்டையிலும், பின்னர் மானிப்பாயிலும் தங்கினார். நாட்டு வைத்தியர் பலர் ஆங்கு இருந்தனர். மூலிகைகளின் இயல்பறிந்து அவர் செய்த மருத்துவம் பயனுடையதே. ஆயினும் அறுவைச் சிகிச்சைக்கும், இடர் நேர்ந்த பிரசவத்திற்கும் மக்கள் புகலிடம் இன்றித் தவித்தனர். ஒருவர் இரவும் பகலும் உழைப்பினும் அத்தனை ஊர்களின் நோயையும் தீர்த்தல் கூடுமோ? கூடாதென்பதைக் கிரீன் விரைவில் உணர்ந்தார். ஆதலின் வந்த மறு ஆண்டாகிய 1848-இலேயே சில தமிழ் இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. மாணாக்கர் நன்கு கற்றனர், திறமையும் பெற்றனர். ஆனால், ஆங்கிலம் கற்ற வைத்தியர்க்கு அரசாங்க உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் வேற்றூர்களில் எளிதிற் கிடைத்தன. எந்தச் சிற்றூர்களுக்காக அவர் பயிற்றப்பட்டனரோ, அந்தச் சிற்றூர்கள் முன்போலவே வைத்தியரின்றி நின்றன. நடை, உடை, உணவு ஆகியவற்றிலும் அவருட் சிலர் தம்மவரினின்று விலகி மேனாட்டாரைப் பின்பற்றலாயினர். அமெரிக்கராகிய கிரீன் இதனை விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருந்து, தமிழ் உடையுடன் தம் மக்களிடையே வாழ்ந்து, அவர் நோயைத் தீர்த்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. 1857-இல் தம் நாடு சென்று, 1862-இல் மனைவியாருடன் மீண்டு வந்தபின், வைத்தியத்தை முழுதும் தமிழிலேயே கற்பிப்பதென்று துணிந்து அவ்வாறே செய்தார்.

துணிவு இருந்ததேயன்றி நூல்கள் போதியவாயில்லை. உடற்கூறு, உடலியல், சுகாதாரம் மூன்றனையும் ஒருங்கே கூறும் கட்டர் என்பாரின் நூலைத் தமிழாக்கி, 1852-லேயே அவர் வெளியிட்டிருந்தார். 1857-இல் பிரசவ வைத்தியமும், 1867-இல் இரண வைத்தியமும், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875-இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. இவற்றோடு பின்வந்தவற்றையும் கூட்டின் 4,000 பக்கங்களுக்கு மேற்படும். மாணாக்கரும் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தனர். மானிப்பாயிலும் நாகர்கோவிலிலும் அச்சுவேலை நடந்தது. கலைச்சொற்களை ஆக்குதலில் அவர் கொண்ட முறை நாம் கருதத் தக்கது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் கிடைப்பின் அதனைக் கொண்டார். இல்லையேல் வடசொல்லை நாடினார். இரண்டும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி அமைத்தார். கெமிஸ்திரி கெமிஸ்தமாயது இவ்வாறே. சொற்கள் சில இன்று வழக்கிழந்தன. ஆயினும் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கூறுதல் இயலும் என்பதை அவர் செய்தே காட்டினார்.

இனி, இத்தகைய பணிக்குப் பொருள் வேண்டுமன்றோ? மிஷன் சங்கத்தார் அளித்த பொருள் அளவிற்குட்பட்டது. அவர்க்குச் சமயப்பணியே முதன்மையானது, வைத்தியம் அதற்குத் துணை. ஆதலின் ஊர்தோறும் சம்பளம் கொடுத்து வைத்தியரை வைத்தல் இயலாததாயிற்று. தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே குடியிருந்து, ஊரார் கொடுப்பதைப் பெற்று வாழ்தலே கிரீன் கண்ட வழி. சொந்த வீடும் நிலமும் உறவும் உள்ள ஊரில் சிறிய வருவாயும் போதியதாகும். வேறொரு முயற்சியும் அக்காலத்தே நிகழ்ந்தது. வடமாகாண அரசாங்க ஏஜண்டாயிருந்த டைக் துரையவர்கள் முயற்சியால், பிரெண்ட்-இன்-நீட் சங்கம் என்னும் ஏழையர்க்குதவும் சங்கத்தார் 1850-இல் யாழ்ப்பாண நகரில் வைத்தியசாலை ஒன்றை நிறுவினர். பொதுமக்களின் நன்கொடையால் வளர்ந்த அது, 1907-இல் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. கிரீனுடைய மாணாக்கர் ஆங்கும் பணிபுரிந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60-க்கு மேற்படுவர்.

உடல் தளர்ந்தமையின் 1873-இல் அவர் தம் நாடு திரும்பினார். திரும்பியும் ஓய்ந்திலர், வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தி யாழ்ப்பாணத்திற்கு அனுப்பிவந்தார். மனுஷ சுகரணம் என்னும் நூல் 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். தமிழர்க்கு ஊழியம் செய்த வைத்தியர் என்பதைத் தம் கல்லறையிற் பொறித்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம், அது நிறைவேற்றப்பட்டது.

ஆயினும் அவர் நட்ட பயிர் நெடுநாள் நிற்கவில்லை. 1870-இல் கொழும்பில் ஆங்கிலவழி வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தையே சார்ந்தன. கிரீன் சென்ற சில ஆண்டுகளில் தமிழ்வழி வைத்திய வகுப்பு நின்றுபோயிற்று. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை மட்டும் இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

யாழ்ப்பாணத்துப் பழங்கதை நமக்கெதற்கு என்று எவரும் எண்ணற்க. எம் ஊத்தங்கரையைச் சூழ்ந்த சிற்றூர்களையும், ஓசூருக்கு அப்பால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கங்களையும் நோக்குவோமாக. ஆங்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாய் வழங்க, மருந்துச்சீட்டோ ஆங்கிலத்தில் உள்ளது. கற்ற இளைஞர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். 2022-இல் கிருஷ்ணகிரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமை பெரும்பேறே. ஆயினும் கட்டடத்தையும் கருவியையும் பொருளால் அமைக்கலாம். ஊரில் நிலைத்து நின்று, ஊரார் மொழியில் நோயை வினவி, மருந்தை அவர்க்கு விளங்கக் கூறும் வைத்தியரைப் பொருள் ஒன்றாலேயே பெறல் அரிது. அவ்வைத்தியர் நம்மிலிருந்தே தோன்றுதல் வேண்டும். தமிழ் கற்போமாகிய நமக்கும் அதில் ஒரு பணி உண்டு: கிரீன் தொடங்கி நின்றுபோன நூல்வேலையை மேற்கொள்ளுதலே அது. வேற்று நாட்டினர் ஒருவர் நம் மொழிமேல் வைத்த நம்பிக்கையை நாம் வையாதிருத்தல் தகுமோ?