சசூரும் கோடைப் பனியும்

மலையுச்சி சமவெளியைக் காட்டிலும் ஞாயிற்றுக்கு அண்மையில் நிற்கின்றது. அங்கே வெயிலை மறைக்க மரமில்லை, புழுதியில்லை, புகையில்லை. அவ்வாறாயின், பள்ளத்தாக்கிலே கோதுமை முற்றி வாடும் நடுக்கோடையில், அதே வெயிலை நாள் முழுவதும் ஏற்கும் கொடுமுடியிலே வெண்பனி உருகாது கிடப்பது ஏன்? சிறு பிள்ளையும் கேட்கக்கூடிய வினா இது. ஆனால் இந்த ஒரு வினாவுக்கு விடை காண்பதற்காகத் தம் உடல்நலத்தையும், பெருஞ் செல்வத்தின் ஒரு பகுதியையும், வாழ்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட கோடைகளையும் செலவிட்டார் ஓர் அறிஞர். அவரே ஜெனீவா நகரத்து ஹொராஸ் பெனடிக்ட் டி சசூர்.

சசூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர் பலருக்கு மொழியியலறிஞர் பெர்டினாண்ட் டி சசூரே நினைவுக்கு வருவார். இவர் அவருடைய பூட்டனார். கொள்ளுப்பேரர் சொற்களின் அமைப்பை ஆராய்ந்தார். பூட்டனார் மலைகளின் அமைப்பை ஆராய்ந்தார்.

இளமையும் மலையும்

1740ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள கொன்ஷ் என்னுமிடத்தில் சசூர் பிறந்தார். தந்தையார் நிக்கொலா, வேளாண்மை பற்றி நூல்கள் எழுதியவர். தாயாரின் தங்கையை மணந்த சார்ள்ஸ் பொனே, அக்கால ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற இயற்கை ஆராய்ச்சியாளர். பூவையும் புழுவையும் உற்றுநோக்கும் பழக்கத்தை அவரிடமிருந்தே இளைஞர் சசூர் கற்றுக்கொண்டார். பேரறிஞர் ஹாலர் என்பாருக்காக மலைத்தாவரங்களைச் சேகரித்துக் கொடுக்கும் பணியும் அவருக்குக் கிடைத்தது.

அப்பணியின் பொருட்டு, 1760ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராக, ஜெனீவாவிலிருந்து சாமொனிப் பள்ளத்தாக்குக்கு அவர் நடந்தே சென்றார். இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்த அப்பள்ளத்தாக்கு அக்காலத்தில் சவோய் நாட்டின் ஒதுங்கிய மூலை. அங்கு வாழ்ந்தோர் ஆடுமாடு வளர்த்தும், பாறைகளில் பளிங்கு தேடி விற்றும் பிழைத்தனர். தலைக்குமேல் நின்ற மொன்பிளாங் சிகரத்தில் மனிதர் எவரும் கால் வைத்ததில்லை. வைக்கவேண்டுமென்று எண்ணியவரும் அரியர்.

எதிர்ப்புறத்துள்ள பிறெவான் மலையில் ஏறிய சசூர், கோடையிலும் எஞ்சிக்கிடந்த பனியில் ஒரு விந்தையைக் கண்டார். வெண்மையாயிருக்கவேண்டிய பனி செந்நிறம் படர்ந்து தோன்றிற்று. அதை அள்ளி ஆராய்ந்து, அந்நிறம் தாவரத்தொடர்புடைய பொருளொன்றினால் வந்ததென்றும், மலர்களின் மகரந்தமாக இருக்கலாமென்றும் கருதினார். அது பனியிலே வாழும் நுண்ணிய பாசியினம் என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை. மகரந்தம் என்ற ஊகம் பிழைத்தாலும், தாவரம் என்ற முடிவு பிழைக்கவில்லை.

அப்பயணத்திலே மொன்பிளாங் அவர் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குத் தக்க பரிசளிப்பதாகவும், முயன்று தோற்றவருக்கும் அந்நாட்களின் கூலியைத் தாமே கொடுப்பதாகவும் அவ்வூராருக்கு அறிவித்தார். பரிசைப் பெறுவதற்கு ஒருவர் முன்வர இருபத்தாறு ஆண்டுகள் செல்லுமென்று அன்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

இல்லமும் கல்லூரியும்

1762இல், இருபத்திரண்டு வயதிலே, ஜெனீவாக் கல்விக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியரானார். அக்காலத்தில் மெய்யியல் என்ற பெயருக்குள் பௌதிகவியலும் அடங்கியிருந்தது. 1765இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த அல்பேர்ட்டீன் அமெலி புவாசியே என்னும் நங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். மூத்த மகள் பின்னாளில் குழந்தைக் கல்வி பற்றிப் பெருநூல் எழுதினார். இரண்டாமவரான தெயோடர் தாவரங்களின் இரசாயனத்தை ஆராய்ந்து தந்தைக்கு நிகரான புகழ் பெற்றார்.

கல்வித்துறையிலும் அவர் புதுமை நாடினார். சொற்களை நெட்டுருப் பண்ணுவதைக் குறைத்து, பொருள்களைக் கண்ணால் கண்டு கற்கும் முறையைப் புகுத்தவேண்டுமென 1774இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நகரத்தார் அதனை ஏற்கவில்லை.

இல்வாழ்க்கை இனிதாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. ஆண்டுதோறும் கோடை வந்ததும் கணவர் மலைக்குப் புறப்படுவார். அவர் திரும்பும்வரை மனைவியார் உறக்கமின்றி வாடுவார். மனைவியின் அச்சம் அவருக்குத் தெரியாததன்று. மலையை விட்டுவிடவும் அவரால் இயலவில்லை. இருவரும் தத்தம் துன்பத்தை மறைத்தே பல கோடைகளைக் கழித்தனர்.

கண்ணாடிப் பெட்டி

இனி, நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். உயரத்தில் ஞாயிற்றின் கதிர்களே வலிமை குறைந்துவிடுகின்றனவா? அன்றி, கதிர்கள் அதே வலிமையோடிருக்க, அவற்றின் வெப்பத்தைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லையா? இதைத் தீர்ப்பதற்குச் சசூர் ஓர் எளிய கருவி செய்தார். 1767இல் ஒன்றினுள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கிச் சோதித்தவர், பின்னர் உட்புறம் கருமையாக்கப்பட்ட ஒரு மரப்பெட்டியைச் செய்து, அதன் வாயை மூன்று கண்ணாடித் தட்டுகளால் மூடினார். வெயிலில் வைத்தால், நீர் கொதிக்கும் நிலையையும் கடந்த வெப்பம் அதனுள்ளே உண்டாயிற்று.

1774ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இத்தாலியப் பக்கத்திலுள்ள கிறமொன் மலையுச்சிக்கு அப்பெட்டியைச் சுமந்து சென்றார். வெளியே காற்றின் வெப்பநிலை சதம அளவில் ஏறக்குறைய 6 பாகை. பெட்டியினுள்ளோ 88 பாகை. மறுநாள் ஏறத்தாழ 1,500 மீற்றர் கீழே இறங்கி அதே சோதனையைச் செய்தார். அங்கே காற்று 25 பாகை வரை சூடாயிருந்தது. ஆனால் பெட்டியினுள் வெப்பம் ஏறக்குறைய மலையுச்சியில் இருந்த அளவே.

விடை கிடைத்துவிட்டது. மலையுச்சியில் வெயில் மெலிந்ததன்று, காற்றே மெலிந்தது. தெளிந்து நொய்தான காற்று கதிர்களைத் தன்னூடே போகவிடுகிறதேயன்றி வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை. கண்ணாடி செய்யும் வேலையைத் தாழ்நிலத்தில் அடர்ந்த காற்று செய்கின்றது; உச்சியில் அதைச் செய்யப் போதிய காற்று இல்லை. மேலெழும் காற்று விரிந்து குளிர்வதும் இதற்கொரு காரணமென்று பிற்கால அறிவு சேர்த்துக்கொண்டது. சராசரியாக 1,000 மீற்றர் ஏற, வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறைகின்றது. புதுப்பனியோ தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கையும் அதற்கு மேலும் திருப்பியனுப்பிவிடுகின்றது. கோடைப் பனியின் மறைபொருள் இவ்வளவே.

இருபத்தேழு ஆண்டுக் கனவு

பெட்டியோடு அவர் நிற்கவில்லை. எண்ணெய்ப்பசை நீக்கிய மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்குவதைப் பயன்படுத்தி ஈரமானி ஒன்று அமைத்தார். 1783இல் அது பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வகைக் கருவி இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களிற் பயன்பட்டது. வானத்தின் நீலத்தை அளப்பதற்குப் படிப்படியாகச் சாயமிட்ட தாள்களைக் கொண்டு ஒரு நீலமானியும் செய்தார்.

இக்கருவிகளையெல்லாம் மொன்பிளாங்கின் உச்சியில் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பதே அவர் கனவு. 1785இல் அவர் செய்த முயற்சி தோற்றது. 1786 ஓகஸ்ட் 8ஆம் நாள், சாமொனி மருத்துவர் மிஷெல் பக்காரும், பளிங்கு தேடும் தொழிலாளி ஜாக் பல்மாவும் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். பரிசு பல்மாவின் கைக்குச் சென்றது. மருத்துவரின் பங்கை மறைத்துப் பேசியோர் பலர். அவருக்குரிய பெருமை முற்றும் கிடைக்க நூறாண்டுக்கு மேல் சென்றது.

அடுத்த கோடையில் சசூர் குடும்பத்தோடு சாமொனிக்கு வந்தார். யூலை மாதம் முழுவதும் மலையில் வானிலை கெட்டுக் கிடந்தது. ஓகஸ்ட் 1ஆம் நாள், பதினெட்டு வழிகாட்டிகளும் ஒரு பணியாளும் உடன்வரப் புறப்பட்டார். இரண்டாம் இரவைப் பனியின் மேலேயே கழிக்கவேண்டியிருந்தது. பனிவெளியில் இரவு தங்கினால் மரணமே என்று அஞ்சிய வழிகாட்டிகள் கூடாரத்தின் துளைகளையெல்லாம் அடைத்து நெருங்கிக் கிடந்தனர். மூச்சுத் திணறிய சசூர் வெளியே வந்து நிலவொளியில் நின்றார்.

1787 ஓகஸ்ட் 3ஆம் நாள் முற்பகலில் உச்சி வந்தது. கீழே சாமொனியில் தொலைநோக்கியின் வழியே பார்த்திருந்த மனைவியார், முன்னரே பேசிக்கொண்டபடி கொடியொன்றை ஏற்றினார். உச்சியில் நின்றவர் முதலில் நோக்கியது அக்கொடியையே.

உலகம் எதிர்பார்க்கும் பேரானந்தம் அப்போது அவருக்கு உண்டாகவில்லை. இறுதிப் பாதையின் களைப்பும், இத்தனை ஆண்டுக் காத்திருப்பின் நினைவும் சேர்ந்து, ஒருவகைச் சினத்தோடு அப்பனியைத் தாம் மிதித்ததாக அவரே பின்னர் ஒளிவின்றி எழுதினார். வெற்றியின் வேளையில் தம் மனத்தையும் ஒரு கருவியைப் போலப் படித்துக் குறித்துவைத்த நேர்மையன்றோ இது!

நாலரை மணி நேரம் அங்கே தங்கினார். சிறிது குனிந்தாலும் மூச்சு வாங்கிற்று. நீரைக் கொதிக்க வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. நடுப்பகலிலும் நிழலில் வெப்பமானி உறைநிலைக்குக் கீழேயே நின்றது. நீலமானியைப் பிடித்துப் பார்த்தபோது வானம் தாழ்நிலத்தார் காணாத கருநீலமாய்த் தோன்றிற்று. திட்டமிட்ட சோதனைகள் யாவும் முடியுமுன்னரே இறங்கவேண்டி வந்தது.

பனியின் நடுவே பதினாறு இரவுகள்

அக்குறையைத் தீர்க்க, மறு கோடையில், ஏறக்குறைய 3,360 மீற்றர் உயரமுள்ள ஜேயான் கணவாயிலே பாசறை அமைத்தார். 1788 யூலை 3 முதல் 19 வரை, இருபது வயது மகன் தெயோடருடன் அங்கே தங்கினார். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு நாட்கள் தங்கி ஆராய்ச்சி நடத்தியவர் அதற்கு முன் எவருமிலர். நடுக்கோடையாயினும் இடியும் புயலும் பனிமழையும் அவர்களைச் சோதித்தன. இரண்டு மணிக்கொரு முறை அளவுகள் குறிக்கப்பட்டன. அதே வேளைகளில் சாமொனியிலும் ஜெனீவாவிலும் வேறு சிலர் அளந்தனர். ஒரே நேரத்தில் பல உயரங்களில் வானிலையை ஒப்பிடும் இம்முறை, இன்றைய வானிலை நிலையங்களின் முன்னோடி எனலாம். வழிகாட்டிகளோ சலித்துப்போயினர். இன்னும் தங்கிவிடுவாரோ என்ற அச்சத்தில் எஞ்சிய உணவை அவர்களே உண்டு தீர்த்தனர் என்பது இறங்குநாட் கதை.

1792இல், ஐம்பத்திரண்டு வயதில், மாற்றர்கோண் சிகரத்தின் அருகிலுள்ள தெயோடுல் கணவாயில் மீண்டும் பாசறையமைத்து, சிறிய மாற்றர்கோணிலும் ஏறினார். அதுவே அவருடைய கடைசிப் பெருமலைப் பயணங்களில் ஒன்று.

இருண்ட மாலை

பிரெஞ்சுப் புரட்சி அவர் செல்வத்தை விழுங்கிற்று. குடும்பப் பொருளின் பெரும்பகுதி பிரெஞ்சு அரசின் கடன்பத்திரங்களில் இடப்பட்டிருந்தது. ஜெனீவாவிலும் புரட்சி எழுந்தது. 1794இல் பாரிசவாதம் அவரைத் தாக்கிற்று. கொடுமுடிகளில் நடந்த கால்கள் வீட்டுக்குள்ளே தளர்ந்தன. அந்நிலையிலும், 1779இல் தொடங்கிய ஆல்ப்ஸ் பயண நூலின் கடைசி இரு தொகுதிகளை 1796இல் வெளியிட்டு நிறைவு செய்தார். 1799 ஜனவரி 22ஆம் நாள் மறைந்தார். தந்தையையும் மகனையும் நினைவுகூரத் தாவரவியலார் மலைத்தாவர இனமொன்றுக்குச் சசூரியா எனப் பெயரிட்டனர். இமயத்து உயர்சரிவுகளில் மலரும் பிரமகமலம் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

பெட்டி சொன்ன செய்தி

அவருடைய கண்ணாடிப் பெட்டி மட்டும் மறையவில்லை. 1824இல் பிரெஞ்சுக் கணிதமேதை பூரியே, பூமி தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் விதத்தை விளக்கும்போது அப்பெட்டியையே எடுத்துக்காட்டினார். 1859இல் தொடங்கிய சோதனைகளால் ரிண்டால், நீராவியும் கரியமிலவாயுவும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதைக் காட்டினார். 1896இல் அரேனியஸ், அவ்வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டார். கோடையிலும் பனி உருகாதது ஏன் என்ற வினாவில் பிறந்த அறிவு, அப்பனி இனி உருகுவது ஏன் என்ற வினாவுக்கும் விடையாயிற்று.

இன்று சாமொனி பனிச்சறுக்கு விளையாட்டின் தலைநகரங்களுள் ஒன்று. 1924இல் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழா அங்கேதான் நடந்தது. சசூர் உழைத்த தெயோடுல் பனிக்கட்டியாற்றில் கோடையிலும் சறுக்கி விளையாடுகின்றனர். ஆனால் 2022 கோடையில், வெப்ப மிகுதியாலும் பனிக் குறைவாலும் அங்கே அவ்விளையாட்டை இடைநிறுத்த நேர்ந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகச் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2023 ஓகஸ்ட் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் மேலே உறைநிலை மட்டம் 5,298 மீற்றர் வரை உயர்ந்தது. மொன்பிளாங்கின் உயரமோ ஏறக்குறைய 4,800 மீற்றர். சசூர் நடுப்பகல் நிழலிலும் உறைகுளிரை அளந்த மாதம் அதே ஓகஸ்ட் மாதம் என்பதை இங்கே எண்ணிப்பார்க்கவேண்டும்.

சாமொனியின் நடுவே 1887இல் நிறுவிய சிலையில், பல்மா மொன்பிளாங்கைச் சுட்டிக்காட்ட, சசூர் அதனை நிமிர்ந்து நோக்கி நிற்கின்றார். அச்சிகரத்தின் மீது பனி இன்னும் இருக்கின்றது. அவர் எழுதிவைத்த அளவுகளும் இருக்கின்றன. எவ்வளவு இழந்தோம் என்பதை அறிய நமக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அதனை உண்மையோடு குறித்துவைத்துச் சென்றதே அப்பெரியார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.