விதிக்கு அடங்காத எண்

மறையெழுத்தின் வலிமை பூட்டிலன்று, திறவுகோலிலேயே உள்ளது. இவ்வுண்மையை உடைப்போர் பக்கத்திலும் காப்போர் பக்கத்திலும் நின்று கண்டவர், ஆங்கிலக் கணித அறிஞர் அலன் ரூரிங். இவர் 1912ஆம் ஆண்டு யூன் 23ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்திலே ஆட்சிப்பணி புரிந்தவர். தாயார் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரிலே பிறந்தவர்.

யாப்பிலக்கணங் கற்பிக்கும் யான் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. வெண்பாவிலே மாச்சீர் வந்தால், அடுத்த சீர் நிரையசையில் தொடங்குமென மாணவர் முன்னரே கூறிவிடுவர். விதி உள்ளவிடத்து ஊகமும் உண்டு. செய்யுளுக்கு அழகாகும் இப்பண்பு மறையெழுத்துக்குக் கேடாகும்.

1939இல் போர் மூண்டதும் ரூரிங் பிளெச்லி பார்க்கிலே பணியேற்றார். செருமானியரின் எனிக்மாப் பொறி எண்ணற்ற மாற்றங்களை உடையது. ஆயினும் அதனை இயக்கியோர் மனிதரல்லரோ! மனம்போனபடி எடுக்கவேண்டிய எழுத்துக்களைச் சிலர் விசைப்பலகையில் அடுத்தடுத்தும், சிலர் காதலியர் பெயரிலிருந்தும் எடுத்தனர். வானிலைச் செய்திகளிலே ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. போலந்து அறிஞர் முன்னர்க் காட்டிய வழியிலே சென்று, இவ்வழக்கங்களையே பற்றுக்கோடாக்கி, ரூரிங்கும் தோழரும் அப்பொறியை வென்றனர்.

1943இல் அவர் நியூ யோர்க்கிலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே சிக்சாலி என்னும் மறைபேச்சுப் பொறியை ஆராய்ந்தார். பாதரச ஆவிக் குழாய்களில் இயல்பாக எழும் மின்னிரைச்சலை விநாடிக்கு 50 முறை அளந்து, இரு இசைத்தட்டுக்களில் ஒரேவகையாகப் பதிந்திருந்தனர். முனைக்கொன்றாக அவை சுழலும்; ஒருமுறை பயன்பட்டபின் அழிக்கப்படும். இரைச்சலுக்கு விதியின்மையால் ஊகத்துக்கும் இடமில்லை.

1951இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகம் பெற்ற பெரான்ரி மார்க் 1 கணினியிலே, மின்னிரைச்சலிலிருந்து 20 இரும இலக்கங்களை நல்கும் கட்டளையொன்று ரூரிங்கின் விருப்பப்படியே அமைந்தது. விதிப்படி இயங்கும் பொறி, விதியற்றதைத் தானே ஆக்கமாட்டாது. இயற்கையிடமே இரந்து பெறல் வேண்டும்.

தற்பாற் சேர்க்கையைக் குற்றமெனக் கொண்ட அக்காலச் சட்டம் 1952இல் அவரைத் தண்டித்தது. நாட்டைக் காத்த மறையெழுத்துப் பணியும் பறிபோயிற்று. 1954ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, 41 வயதிலே, சயனைட்டு நஞ்சினால் இறந்தார். அரச மன்னிப்பு 2013இலேதான் வந்தது.

இன்று கணினிச் சில்லுக்கள் பல, வெப்பத்தால் எழும் மின்னிரைச்சலிலிருந்தே திறவுகோல் எண்களைப் பெறுகின்றன. நம் வங்கிப் பணத்துக்கும் கடிதங்களுக்கும் அவையே காவல். அத்தகைய காவல் இருந்தும், பிறந்த நாளையே கடவுச்சொல்லாக வைப்போர் அந்தச் செருமானிய வீரரின் வழிநிற்போரே என்பேன் யான்.